பிளஸ் டூ முடித்ததும் நாலு வருஷப் பட்டம்: தமிழ் மீடியம் எல்.பி. டீச்சர் வேலைக்கு அது போதுமா?

தேயிலைச்சரிவு:
அனைவருக்கும் வணக்கம். கேரளாவில் தேவிகுளம் தாலுகாவில் தமிழ் மீடியத்தில் படித்து, ஹ்யூமானிட்டிஸ் குரூப்பில் பிளஸ் டூ முடிக்கும் பெண்ணுக்காகக் கேட்கிறேன். எல்.பி. என்கிற ஒன்று முதல் நாலாம் வகுப்பு வரை தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் டீச்சர் ஆக வேண்டும், டிகிரியும் கையில் இருக்க வேண்டும். மூன்று வழி சொல்கிறார்கள். பி.ஏ. முடித்துவிட்டு பி.எட். போவது ஒன்று. பிளஸ் டூவுக்குப் பின் நேராக நாலு வருஷ ஒருங்கிணைந்த பட்டம் இன்னொன்று. டி.எல்.எட். என்கிற தொடக்கக் கல்வி டிப்ளமோவை முடித்துவிட்டு டிகிரியை அப்புறம் பார்த்துக்கொள்வது மூன்றாவது. எது சரி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறையூர்_சந்தனம்:
முதல் வழியை இப்போதே அடித்துவிடுங்கள். பி.ஏ.வும் பி.எட்.டும் இருந்தால் ஹைஸ்கூலுக்குப் போகலாம், 5 முதல் 7 வகுப்பு வரையுள்ள யு.பி.க்கும் போகலாம். எல்.பி.க்கு ஆகாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் பிறகு எந்த ஏஜென்டும் குழப்ப முடியாது.

ஆசிரியருக்கு வேண்டிய குறைந்தபட்சத் தகுதியை முடிவு செய்வது என்.சி.டி.இ. என்கிற தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில். கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி 2010 ஆகஸ்ட் 23 அன்று அது ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு அதிலும் அதன் 2011 திருத்தத்திலும் உள்ள முக்கியமான வழிகள்: பிளஸ் டூவில் 50 சதவீதமும் இரண்டு வருஷ டி.எல்.எட்.டும், அல்லது பிளஸ் டூவில் 50 சதவீதமும் பி.எல்.எட். என்கிற நாலு வருஷத் தொடக்கக் கல்விப் பட்டமும், அல்லது ஒரு டிகிரியும் டி.எல்.எட்.டும். எந்த வழியில் வந்தாலும் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு பாஸாக வேண்டும்.

2018 ஜூன் 28 அன்று இதில் ஒரு திருத்தம் வந்தது. பி.எட். காரர்களும் தொடக்கப்பள்ளிக்கு வரலாம், வேலையில் சேர்ந்த பின் ஆறு மாதப் பயிற்சி முடித்தால் போதும் என்றது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையே வேறு, பி.எட். படிப்பு அதற்காக அமைந்தது இல்லை என்பது சாரம். ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்கு மட்டும் 2024 ஏப்ரலில் நிபந்தனையோடு பாதுகாப்புக் கிடைத்தது. இனிமேல் படிக்கப் போகிறவருக்கு அது எந்த விதத்திலும் உதவாது.

இன்னொன்று, பெயர்க் குழப்பம். பி.எட்., பி.எல்.எட்., டி.எல்.எட். மூன்றும் காதுக்கு ஒரே மாதிரி கேட்கும், மூன்றும் வேறு வேறு படிப்பு. போனில் விசாரிக்காதீர்கள். எழுத்தில் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள்.

வேலந்தாவளம்:
மறையூர் சார் சொன்னது சரி. நான் இரண்டாவது வழியைப் பற்றிச் சொல்கிறேன், அதில்தான் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

நாலு வருஷ ஒருங்கிணைந்த படிப்பை ஐ.டி.இ.பி. என்பார்கள். 2021 அக்டோபரில் அறிவித்தார்கள், 2023-24 கல்வியாண்டில் சோதனை முறையில் ஆரம்பமானது. பி.ஏ.பி.எட்., பி.எஸ்ஸி.பி.எட்., பி.காம்.பி.எட். என்று மூன்று வகை. எட்டு செமஸ்டர். பி.ஏ. தனி, பி.எட். தனி என்று போனால் ஐந்து வருஷம், இதில் ஒரு வருஷம் மிச்சம். இந்தக் கணக்கைக் கேட்டதும் எல்லோரும் சேரத் துடிக்கிறார்கள்.

ஆனால் ஒவ்வொரு காலேஜுக்கும் எந்த நிலைக்கு அனுமதி என்பது தனித்தனியாக இருக்கும். தேசியக் கல்விக் கொள்கைப்படி நாலு நிலை. அடித்தள நிலை என்பது மூன்று வயதிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை. ஆயத்த நிலை 3 முதல் 5. நடுநிலை 6 முதல் 8. மேல்நிலை 9 முதல் 12. மேல்நிலைக்கு அனுமதி வாங்கிய காலேஜில் பி.ஏ.பி.எட். முடித்து வந்து எல்.பி. வேலைக்கு விண்ணப்பம் போட்டால், மறையூர் சார் சொன்ன பி.எட். சுவரில்தான் போய் முட்டுவீர்கள். புராஸ்பெக்டஸில் பாடத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், நிலை எது என்பது பட்டியலில் கடைசிக் கட்டத்தில் இருக்கும். அந்தக் கட்டத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

கேரளாவில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. இங்கே எல்.பி. என்றால் 1 முதல் 4, யு.பி. 5 முதல் 7, ஹைஸ்கூல் 8 முதல் 10. கல்வி உரிமைச் சட்டம் 1-5, 6-8 என்று பிரிக்கிறது. கல்விக் கொள்கை வேறு மாதிரி பிரிக்கிறது. நம் எல்.பி. டீச்சரின் நாலு வகுப்பில் பாதி அடித்தள நிலையிலும் பாதி ஆயத்த நிலையிலும் விழும். அதனால் காலேஜ்காரர் "இது பிரைமரிக்கு ஆகும்" என்று வாயால் சொல்வதை நம்பக்கூடாது. எல்.பி.எஸ்.டி. (எல்.பி. பள்ளி டீச்சர்) பதவிக்கான கடைசி பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) அறிவிப்பை எடுத்து, தகுதி என்ற தலைப்பின் கீழ் உள்ள வாசகத்தையும் உங்கள் பட்டச் சான்றிதழில் வரப்போகும் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 2010 அறிவிப்பில் பெயர் சொல்லி இருக்கும் நாலு வருஷப் பட்டம் பி.எல்.எட்.

தேயிலைச்சரிவு:
ரொம்ப நன்றி அண்ணா. அந்த நாலு வருஷப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு உண்டாமே? தமிழில் எழுத முடியுமா?

வேலந்தாவளம்:
உண்டு. என்.சி.இ.டி. என்று பெயர், என்.டி.ஏ. என்கிற தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. 13 மொழியில் எழுதலாம், தமிழும் மலையாளமும் அதில் உண்டு. பதில் எழுத வேண்டியது 160 கேள்வி, நேரம் மூன்று மணி. மொழிப் பகுதி இரண்டு, தலா 20 கேள்வி. பாடப் பகுதி மூன்று, தலா 25. பொதுத் தேர்வு 25, கற்பித்தல் திறன் 20. சரியான பதிலுக்கு 4 மார்க், தப்புக்கு 1 மார்க் குறையும்.

தப்பு நடக்கும் இடம் பாடத் தேர்வு. விண்ணப்பத்தில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, சேர நினைக்கும் காலேஜ் அந்தப் பட்டத்துக்கு எந்தப் பாடங்களைக் கேட்கிறது என்று பார்க்காமல் பிளஸ் டூவில் நன்றாக வந்த பாடங்களைப் போட்டுவிடுகிறார்கள். மார்க் வந்த பிறகு கவுன்சலிங்கில் "இந்தப் பாடம் நீ எழுதவில்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். மொழியாகத் தமிழை எடுக்கலாம், தயங்கவே வேண்டாம். வாசித்துப் புரியும் கேள்விகளில் நம் பிள்ளைகளுக்கு அதில்தான் மார்க் வரும்.

கேரளாவில் காசர்கோடு பெரியாவில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்திலும், கோழிக்கோடு என்.ஐ.டி.யிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. ஹ்யூமானிட்டிஸ் படித்தவருக்கு என்.ஐ.டி. ஒத்துவராது, அங்கே இருப்பது பி.எஸ்ஸி.பி.எட். தென்மாநிலங்களுக்கென்று மைசூரில் வட்டாரக் கல்வியியல் நிறுவனம் ஒன்று உண்டு, 1963இல் ஆரம்பித்தது, வளாகத்திலேயே செயல்விளக்கப் பள்ளி இருக்கிறது. எங்கே போனாலும் வகுப்பு இங்கிலீஷில்தான் நடக்கும். தமிழ் மீடியத்தில் வந்தவர் முதல் செமஸ்டரில் திணறுவது அறிவுக் குறைவால் அல்ல, உளவியல் கலைச்சொற்கள் தெரியாததால். சேருவதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் ஐம்பது அறுபது சொற்களைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிப் பழகிவிட்டால் அந்தத் திணறல் பாதி குறையும்.

மறையூர்_சந்தனம்:
என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். எல்.பி. தமிழ் மீடியம்தான் குறி என்றால் மூன்றாவது வழியே பாதுகாப்பு. பிளஸ் டூ, அடுத்து இரண்டு வருஷ டி.எல்.எட்., அதன் பின் தொலைநிலையில் டிகிரி. மொத்தம் ஐந்து வருஷம் ஆகும். ஆனால் இரண்டாவது வருஷ முடிவிலேயே தகுதி வந்துவிடும். பி.எஸ்.சி. அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும் நாளில் தகுதி கையில் இல்லாவிட்டால் அடுத்த ரேங்க் லிஸ்டுக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டிகிரியை இக்னோவிலோ, கொல்லத்தில் உள்ள ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ படிக்கலாம். டி.எல்.எட்.டை மட்டும் நேரில் போய்த்தான் படிக்க வேண்டும். தபால் வழி டி.எல்.எட். என்று யாராவது சீட்டு விற்றால் பக்கத்திலேயே போகாதீர்கள்.

டி.எல்.எட். தமிழ்நாட்டில் சேரும் எண்ணம் இருந்தால், கேரளாவில் அதற்குச் சமநிலை ஆணை காட்ட வேண்டிவருமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே பி.எஸ்.சி. மாவட்ட ஆபீஸில் கேட்டு வையுங்கள். போடியிலும் தேனியிலும் ஃபீஸ் குறைவு என்பதற்காக ஓடுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

கொழிஞ்சாம்பாறைக்காற்று:
மறையூர் சார் மீது மரியாதை உண்டு, ஆனாலும் இதில் உடன்பட முடியவில்லை. வேலை கிடைக்கும் வேகத்தை மட்டும் பார்த்தால் டி.எல்.எட்.தான் வெல்லும். பிள்ளையின் பக்கம் நின்று பாருங்கள். இரண்டு வருஷத்தில் குழந்தை வளர்ச்சி, மொழி, கணக்கு, சூழ்நிலையியல், கலை, விளையாட்டு எல்லாவற்றையும் அடைக்கிறார்கள், நடுவில் பள்ளிப் பயிற்சி வேறு. பிளஸ் டூ முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் பின்னம் எதற்குத் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று காரணம் தெரியாது, விதி மட்டும் தெரியும். அதைப் புரிந்துகொள்ள நேரம் வேண்டும். பி.எல்.எட். 1990களில் டெல்லியில் ஆரம்பித்தபோது அதன் யோசனையே இதுதான்: பள்ளிக் கணக்கையும் அறிவியலையும் மொழியையும் முதலில் தானே மறுபடி கற்று, அதன் பிறகு கற்பிக்கும் முறைக்கு வருவது. கல்விக் கொள்கையும் 2030க்குள் ஆசிரியருக்குக் குறைந்தபட்சம் நாலு வருஷ ஒருங்கிணைந்த பட்டம் என்றுதான் சொல்கிறது.

அதனால் அடித்தள நிலைக்கோ ஆயத்த நிலைக்கோ அனுமதி உள்ள இடத்தில் சீட் கிடைத்து, பி.எஸ்.சி. வாசகத்தோடும் பொருந்தினால், நாலு வருஷப் பட்டத்தை விடக்கூடாது. பொருந்தாவிட்டால் மறையூர் சார் சொன்ன வழி.

தேயிலைச்சரிவு:
புரிகிறது. டெட் விஷயத்தில் கேரளாவின் கே-டெட், மத்திய அரசின் சி-டெட் இரண்டில் எது எழுத வேண்டும்?

மறையூர்_சந்தனம்:
எல்.பி.க்கு கே-டெட் கேட்டகரி 1. மொத்தம் 150 கேள்வி, 150 மார்க், இரண்டரை மணி நேரம். குழந்தை வளர்ச்சி 30, கணக்கு 30, சூழ்நிலையியல் 30, முதல் மொழி 30, இரண்டாம் மொழி 30. முதல் மொழியாகத் தமிழை எடுக்கலாம். பொதுப் பிரிவுக்கு 90 வேண்டும், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 82 போதும். மைனஸ் மார்க் கிடையாது, அதனால் ஒரு கேள்வியைக்கூடக் காலியாக விடக்கூடாது. பி.எஸ்.சி. பரீட்சையில் இதற்கு நேர்மாறு. அங்கே தப்புக்கு மூன்றில் ஒரு மார்க் போகும். கே-டெட் பழக்கத்தில் அங்கேயும் குத்துமதிப்பாக நிரப்பி ரேங்கைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

சி-டெட் பேப்பர் 1இலும் இதே ஐந்து பகுதி. டி.எல்.எட்., பி.எல்.எட். கடைசி வருஷத்தில் இருக்கும்போதே எழுதலாம். மொழிப் பகுதிக்குத் தமிழ் உண்டு. ஆனால் கணக்கும் சூழ்நிலையியலும் குழந்தை வளர்ச்சியும் இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகும். தமிழில் தேர்வு என்று நம்பிப் போனால் ஹாலில் அதிர்ச்சிதான்.

டெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் முடியாது. 2025 செப்டம்பர் 1 தீர்ப்பில், ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களே இரண்டு வருஷத்துக்குள் டெட் பாஸாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வட்டவடைப்பூண்டு:
யாரும் சொல்லாத ஒரு சின்ன விஷயம், பெயர். நம் வீடுகளில் இனிஷியலை முன்னால் எழுதுவோம், கேரள ரெக்கார்டில் பின்னால் வரும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, டி.சி.யில் தமிழ் உச்சரிப்பை மலையாளக் கிளார்க் எழுதியது இன்னொரு மாதிரி. பி.எஸ்.சி.யின் துளசி என்கிற ஆன்லைன் புரொஃபைலில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருப்பதை அப்படியே போடுங்கள், மற்ற எல்லாவற்றையும் அதற்குத் தகுந்தபடி திருத்துங்கள். சர்ட்டிபிகேட் வெரிஃபிகேஷன் நாளில் திருத்த ஆரம்பித்தால் வேலைக்கு ஆகாது. தமிழ் மீடியத்தில் படித்ததற்கான சான்றையும் ஹெச்.எம். கையெழுத்தோடு இப்போதே வாங்கி வையுங்கள். மாவட்ட வாரியான பதவி இது, ஒரே பதவிக்கு ஒரு மாவட்டத்தில்தான் விண்ணப்பிக்க முடியும். இடுக்கியா பாலக்காடா என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நகரி_நெசவு:
ஆந்திரா பக்கம் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காக. நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளிகளுக்கு எஸ்.ஜி.டி. (இடைநிலை ஆசிரியர்) என்று பதவிப் பெயர். டி.எல்.எட். நுழைவுக்கு டீசெட் என்கிற தேர்வு. ஆந்திர டெட் பேப்பர் 1-ஏவில் முதல் மொழியாகத் தமிழை எடுக்கலாம். டி.எஸ்.சி. என்கிற ஆசிரியர் நியமனத் தேர்வில் இடங்கள் மீடியம் வாரியாகப் பிரித்து வரும். இங்கே டெட் மார்க்குக்கு 20 சதவீதம் வெயிட்டேஜ் உண்டு, 80 சதவீதம் டி.எஸ்.சி. பரீட்சை. அதனால் பாஸானதோடு விடாமல், மார்க்கைக் கூட்ட டெட்டை மறுபடி எழுதுவார்கள். கேரளாவில் டெட் வாசல் மட்டும், இங்கே அது மார்க்கும்கூட.

கொழிஞ்சாம்பாறைக்காற்று:
தகுதி விஷயம் முடிந்தது என்றால், முக்கியமானதற்கு வருவோம். டி.எல்.எட்.டோ நாலு வருஷப் பட்டமோ, நம் எல்லைப்பக்கத் தமிழ்ப் பிள்ளைக்கு முதல் வாசிப்பைச் சொல்லித்தருவது எப்படி என்று எந்தப் பாடத்திட்டமும் தனியாகச் சொல்லித்தராது. மலையாளத்திலோ இங்கிலீஷிலோ வாசிப்பு முறையைப் படித்துவிட்டு, அதை அப்படியே தமிழில் போட்டால் பொருந்தாது. இதைச் சொந்தமாகக் கற்றுத்தான் ஆக வேண்டும். படிப்பில் சேர்ந்த முதல் நாளிலிருந்து இதற்கென்று ஒரு தனி நோட்டு வையுங்கள்.

எழுத்து வரிசை. அ, ஆ என்று ஆரம்பித்து 247ஐயும் வரிசையாக ஒப்பிக்க வைத்தால் பாட்டு வரும், வாசிப்பு வராது. உயிரெழுத்துகளின் வடிவம் சிக்கலானது, அ எழுதுவது ஐந்து வயது விரலுக்குக் கஷ்டம். ட, ப, ம, ர நான்கையும் புள்ளியையும் முதலில் கொடுங்கள். இந்த நான்கை வைத்தே மரம், படம், பட்டம், மட்டம் என்று முழுச் சொற்கள் கிடைக்கும். முதல் வாரத்திலேயே பிள்ளை அர்த்தமுள்ள சொல்லை வாசித்துவிடும். அந்தச் சந்தோஷம்தான் அடுத்த வாரத்தை இழுத்துக்கொண்டு போகும்.

அடுத்து துணைக்குறிகள். கால் முதலில், பிறகு இகரம், ஈகாரம். பிள்ளை உண்மையில் தவறுவது கொம்பில். கெ, கே, கை மூன்றிலும் குறி இடப்பக்கம் நிற்கிறது, ஒலியோ மெய்க்குப் பிறகு வருகிறது. கண் பார்க்கும் வரிசையும் காது கேட்கும் வரிசையும் எதிரெதிர். கொ, கோ இன்னும் மோசம், குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கும். பிள்ளை "கொக்கு" என்பதை "கெ... கா... க்கு" என்று வாசித்தால் அது மந்தம் இல்லை, இடமிருந்து வலமாக நேர்மையாக வாசிக்கிறது. கொம்பைத் தனி அட்டையில் எழுதி, க அட்டையின் முன்னால் வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்ல வையுங்கள். கொம்பை மட்டும் தனியாக உச்சரிக்கவே வைக்காதீர்கள். வௌவாலை நிறையப் பிள்ளைகள் "வெளவால்" என்று வாசிப்பதற்கும் காரணம் எழுத்தின் வடிவம்தான்.

உகரம் எல்லாவற்றையும்விட நேரம் தின்னும். ஒரே ஒலிக்கு மூன்று வடிவக் குடும்பம். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு கீழே கோடு இறங்கும் குடும்பம். து, நு, லு, று, ணு, னு வலப்பக்கம் சுழித்து ஏறும் குடும்பம். மூன்றையும் ஒரே வாரத்தில் கொடுத்தால் எல்லாம் குழம்பும். ஒரு வாரத்துக்கு ஒரு குடும்பம் போதும்.

தேயிலைச்சரிவு:
இரண்டு மொழி எழுத்தையும் ஒரே சமயத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் குழப்பாதா டீச்சர்?

கொழிஞ்சாம்பாறைக்காற்று:
குழப்பும், ஆனால் எந்த இடத்தில் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம், அதனால் பயம் வேண்டாம்.

முதலாவது, ந-வும் ன-வும். மலையாளத்தில் இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து. அந்தப் பழக்கத்தில் பிள்ளை "நநைந்தது" என்றோ "வன்தான்" என்றோ எழுதும். சிவப்பு மையில் சுழித்துப் பயன் இல்லை, இடத்தைச் சொல்லிக்கொடுங்கள். சொல்லின் முதலில் எப்போதும் ந. த-வுக்கு முன்னால் ந், ட-வுக்கு முன்னால் ண், ற-வுக்கு முன்னால் ன். பந்து, வண்டி, கன்று. இந்த மூன்று சொல்லையும் சுவரில் ஒட்டிவிட்டால் பெரும்பாலான பிழை அடங்கிவிடும்.

இரண்டாவது, க. மலையாளத்தில் க வர்க்கத்தில் ஒலிக்கு ஒன்றாக நான்கு எழுத்து. தமிழில் ஒன்றே எழுத்து, இருக்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். "இது எந்த க?" என்று பிள்ளை கேட்டால் நல்ல கேள்வி என்று சொல்லுங்கள். காகம், பக்கம், சங்கு மூன்றையும் வாசிக்க வைத்து, சொல் முதலில் வல்லோசை, இரட்டித்தால் வல்லோசை, மெல்லெழுத்துக்குப் பின்னும் இரண்டு உயிருக்கு நடுவிலும் மெல்லோசை என்று காதால் உணர வைத்தால் போதும். இலக்கணப் பெயர் எதுவும் வேண்டாம்.

மூன்றாவது நமக்கு லாபம். ழ. தென்மாவட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில் மழையை "மளை" என்பது உண்டு. மலையாளத்தில் மழையின் ழ அப்படியே வாழ்கிறது, பிள்ளை அதைத் தினமும் காதில் கேட்கிறது. "மலையாளப் பீரியடில் எப்படிச் சொல்கிறாயோ அப்படியே சொல்" என்றால் அன்றைக்கே திருந்தும்.

நகரி_நெசவு:
தெலுங்கில் ழ கிடையாது, எங்களுக்கு அந்த லாபம் இல்லை. "பளம்" தான் வரும். நாக்கை மடித்துக் காட்டித் தனியாகப் பழக்க வேண்டும்.

வட்டவடைப்பூண்டு:
சொற்களை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பாடநூல் தயாரிக்கும் கேரள எஸ்.சி.இ.ஆர்.டி.யின் புத்தகங்கள் 2024இல் 1, 3, 5, 7, 9 வகுப்புகளுக்கும், 2025இல் 2, 4, 6, 8, 10 வகுப்புகளுக்கும் புதிதாக வந்தன. தமிழ் மீடியத்துக்கும் தமிழில் வருகின்றன. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் உள்ள கலைச்சொல்லும் இதில் உள்ளதும் பல இடத்தில் வேறு. பயிற்சி மாணவர்கள் தமிழ்நாட்டு கைடை வாங்கிப் பாடக்குறிப்பு எழுதினால் பிள்ளையின் கையில் இருக்கும் சொல் ஒன்று, போர்டில் வரும் சொல் இன்னொன்று. முதலில் பிள்ளையின் புத்தகச் சொல். வாசிப்பு அட்டைக்கு லயம் (எஸ்டேட் வரிசை வீடு), கொழுந்து, கூடை, பூண்டு, மட்டம் என்று கண்ணெதிரே இருப்பவை.

இடமலக்குடியில் முதுவான், அட்டப்பாடியில் இருளர் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி தனி. அங்கே தமிழும் இரண்டாவது மொழிதான் என்பதை மறக்கக்கூடாது. முதல் இரண்டு மாதம் எழுத்தே வேண்டாம், பேச்சும் கதையும் பாட்டும் மட்டும்.

மறையூர்_சந்தனம்:
கணக்கிலும் இரண்டு விஷயம் சேர்க்கிறேன். தமிழ் எண்ணுப்பெயரில் ஒரு பொறி உண்டு. எண்பத்தொன்பதுக்கு அடுத்தது தொண்ணூறு. "நூறு" காதில் விழுகிறது, சில பிள்ளைகள் 100 என்றே எழுதும். தொள்ளாயிரமும் அப்படித்தான், ஆயிரம் கேட்கும். மலையாளத்திலும் இதே பெயர்கள்தான், அதனால் அங்கிருந்தும் உதவி கிடைக்காது. தீப்பெட்டிக் குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஒன்பது கட்டைக் கையில் கொடுத்து, "ஒன்பது பத்து, அதன் பெயர் தொண்ணூறு" என்று பல நாள் சொல்ல வைக்க வேண்டும். ஒரு வகுப்புக்கு நூறு குச்சி போதாது. நாலு பேருக்கு ஒரு செட், செட்டுக்குப் பத்துக் கட்டும் இருபது உதிரியும்.

முந்நூற்றைந்து என்றால் 3005 என்று எழுதுவது அடுத்தது. கேட்டதைக் கேட்டபடி 300, அதன் பின் 5. இதற்கு நீள அட்டை செய்யுங்கள். 300 எழுதிய நீள அட்டையின் மேல், வலது ஓரம் ஒட்டி, 5 எழுதிய குட்டி அட்டையை வையுங்கள். பூஜ்யம் மறைந்து 305 தெரியும். சொல்லிப் புரியாதது ஒரு பார்வையில் புரியும்.

42இல் 17 போனால் 35 என்று போடும் பிள்ளை, 7இல் 2ஐக் கழித்திருக்கிறது. பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று நாமே சொல்லிக்கொடுத்ததை அது கடைப்பிடிக்கிறது. "கடன் வாங்கு" என்ற சொல்லை விட்டுவிட்டு, ஒரு கட்டை அவிழ்த்து உதிரியாக்கச் சொல்லுங்கள். நாலு கட்டும் இரண்டு குச்சியும், மூன்று கட்டும் பன்னிரண்டு குச்சியும் ஒன்றே என்று கை உணர்ந்த பிறகுதான் பேப்பரில் கழித்தல்.

வேலந்தாவளம்:
இதையெல்லாம் பழகும் இடம் பள்ளிப் பயிற்சி. 2014 என்.சி.டி.இ. விதிப்படி டி.எல்.எட்.டில் அது 20 வாரம். வகுப்புக்கு 80 சதவீத வருகை வேண்டும், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். வாரம் ஐந்து நாள் என்றால் 100 நாளில் பத்து நாள்தான் விடலாம். இடுக்கியில் மழைக்காலத்தில் கலெக்டர் விடுமுறை அடிக்கடி வரும். அந்த நாட்களை வேலை நாள் இல்லை என்று ரெக்கார்டில் குறித்து ஹெச்.எம். கையெழுத்தை அந்த வாரமே வாங்குங்கள். மார்ச்சில் போய்க் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

பாடக்குறிப்பில் "மாணவர் கழித்தலைப் புரிந்துகொள்வர்" என்று எழுதாதீர்கள். புரிந்ததா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? "கட்டை அவிழ்த்து 42-17 செய்து காட்டுவர்" என்று எழுதினால், பீரியட் முடியும்போது எத்தனை பேர் செய்தார்கள் என்று எண்ணிவிடலாம். 40 நிமிஷத்துக்கு ஒரு நோக்கம் போதும். மூன்று நோக்கம் எழுதியவர் மூன்றையும் அரைகுறையாக விட்டு வெளியே வருவார். சார்ட் வரைவதில் இரவெல்லாம் செலவழிப்பதும் வீண். பிள்ளை தொடாத சார்ட் சுவருக்குத்தான் பாடம் சொல்லும்.

நகரி_நெசவு:
ஒரே அறையில் இரண்டு வகுப்பு நடத்துவதையும் பயிற்சியிலேயே கேட்டு வாங்கிப் பழகுங்கள். கல்வி உரிமைச் சட்ட அட்டவணையில் 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர்தான். ஐந்து வகுப்பும் இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 நிமிஷத்தை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். முதல் 15 நிமிஷம் சின்ன வகுப்புக்கு நேரடிப் பாடம், அப்போது பெரிய வகுப்பு நேற்றைய பயிற்சியைச் செய்யும். அடுத்த 15இல் மாற்றிக்கொள்வது. கடைசி 15 இரண்டு வகுப்பையும் ஜோடி சேர்த்து வாசிப்பு. சூழ்நிலையியலில் தண்ணீர், உணவு மாதிரி ஒரே தலைப்பை எடுத்து வேலையை மட்டும் இரண்டு அளவாகக் கொடுக்கலாம். கணக்கைச் சேர்த்து நடத்தக்கூடாது, இரண்டு வகுப்பும் கெடும். தனியாக விடும் வகுப்புக்குக் கொடுக்கும் வேலை ஏற்கெனவே தெரிந்ததாக இருக்க வேண்டும். புதியதைக் கொடுத்தால் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து வந்து "டீச்சர், டீச்சர்" என்று நிற்கும்.

தேயிலைச்சரிவு:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பரீட்சை முடிந்து ரிசல்ட் வரும் வரை அவள் வீட்டில்தான் இருப்பாள். அதற்குள் இப்போதே செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

கொழிஞ்சாம்பாறைக்காற்று:
இருக்கிறது. லயத்தில் இரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை ஐந்து பேரைக் கூப்பிட்டு, ஒவ்வொருவராக உட்கார வைத்து இந்தப் பத்துச் சொல்லை வாசிக்கச் சொல்லட்டும்: மரம், பட்டம், காகம், கேணி, கொக்கு, துணி, பூனை, கன்று, மழை, வௌவால். திருத்தவே கூடாது. பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே நோட்டில் எழுத வேண்டும், சரி தப்பு என்று டிக் போடக் கூடாது. பிறகு ஐந்து பேரின் பக்கத்தையும் அருகருகே வைத்து, கொம்பில் தவறியது எத்தனை, உகரத்தில் எத்தனை, ன-வில் எத்தனை என்று பிரிக்கட்டும். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு படிப்பில் சேரட்டும், முதல் குழந்தை ஆய்வு ரெக்கார்டுக்கு அதுவே ஆகும்.

வட்டவடைப்பூண்டு:
தமிழ் மீடியம் சான்றையும் அதே வாரத்தில் வாங்கச் சொல்லுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் ஸ்கூல் ஆபீஸ் எல்லா நாளும் திறந்திருக்காது.